மூலமும் பிரதியும்: தெ கிரிக்கோவின் கலைதேவியர்

தமிழில் 'பிரதி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஏட்டைப் பார்த்து எழுதிய படியும் பிரதி. இன்றைய திறனாய்வு வழக்கில் படைப்பும் பிரதி. படியெடுத்தலின் வழியாகவே நூல்கள் வாழ்ந்த பண்பாட்டில் இவ்விரு பொருளும் இயல்பாக இணைகின்றன. இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஓவிய உலகில் அவை இணையவில்லை என்பதற்கு ஜோர்ஜோ தெ கிரிக்கோ சான்று.

முதல் உலகப்போரின்போது இத்தாலியின் ஃபெராரா நகரில் படைப்பணியில் இருந்த அவர், 1917 அளவில் 'அமைதி குலைக்கும் கலைதேவியர்' என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தைத் தீட்டினார். பலகை பாவிய வெளியில் முகமற்ற தலைகொண்ட உருவங்கள். அருகே வண்ணப் பெட்டிகளும் ஒரு கோலும். பின்னணியில் செந்நிறக் கோட்டையும் ஆலைப் புகைபோக்கிகளும். அசையாப் பொருள்களை அவற்றின் வழக்கமான உறவுகளிலிருந்து பிரித்து அடுக்கும் இம்முறை, பின்வந்த சர்ரியலிஸ்டுகளுக்கு வழிகாட்டியது.

1924இல் கவிஞர் போல் எலுவாரும் அவர் மனைவி காலாவும் இவ்வோவியத்தை விரும்பினர். மூலம் பிறர் வசம் இருந்தது. தாமே மீண்டும் வரைந்து தர முன்வந்த தெ கிரிக்கோ, புதியது மேலான வண்ணப்பொருளும் தேர்ந்த நுட்பமும் கொண்டிருக்கும் என்றார். அவருக்கு ஓவியம் முதன்மையாகக் கைத்தொழில். 1928இல் ஓவிய நுட்பம் பற்றிச் சிறுநூலே எழுதினார். ஆந்த்ரே பிரெத்தோனுக்கோ அது ஒருமுறை மட்டுமே நிகழும் அகக்காட்சி. கனவைத் திரும்பக் காண இயலாது. ஆகவே திரும்ப வரைந்தது வெறுங்கூடு என்பதே சர்ரியலிஸ்டுகளின் நிலைப்பாடு.

தெ கிரிக்கோ நிறுத்தவில்லை. 1945க்கும் 1962க்கும் இடையே அவர் தீட்டிய 18 கலைதேவியர் ஓவியங்களின் படங்களை ஒருசேரக் கண்ட ஆண்டி வார்ஹோல், 1982இல் அதே உருவங்களைப் பட்டுத்திரை அச்சில் அடுக்கினார். பிரெத்தோன் வீழ்ச்சியாகக் கண்ட மறுபடைப்பு, வார்ஹோலுக்குக் கலைமுறையாகவே தோன்றியது.

எனினும் ஒரு குற்றச்சாட்டு எஞ்சுகிறது. பிற்கால ஓவியங்கள் சிலவற்றில் தெ கிரிக்கோ முந்தைய ஆண்டுகளைப் பொறித்தார். தமிழ் ஏடுகளின் இறுதியில் படியெடுத்தோர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்துவைப்பது உண்டு. அக்குறிப்பு பிரதியின் மதிப்பைக் குறைப்பதில்லை. பிரதிக்கும் தனக்கென ஒரு வரலாறு உண்டு என்பதை அது நிறுவுகிறது. தெ கிரிக்கோ மறைத்தது அந்த வரலாற்றைத்தான். மீண்டும் வரைந்தது பிழையன்று. வரைந்த காலத்தை மாற்றியதே பிழை.