பழவேற்காட்டுக்கு ராக் வரவில்லை, ஆனால் பாட்டு இருந்தது



அறுபதுகளின் இசை என்றதும் நம் வகுப்பில் எல்லோரும் பீட்டில்ஸ் என்பார்கள். கொஞ்சம் தேடிப் பார்க்கிறவர்கள் ஜேம்ஸ் பிரவுன், அரேதா ஃபிராங்க்ளின் என்று சோல் இசைப் பக்கமும் போவார்கள். நம்ம சென்னையிலும் அப்போது மேற்கத்திய இசையை நேரில் கேட்க இடம் இருந்தது. 1969ல் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டரின் கீழ்த்தளத்தில் நைன் ஜெம்ஸ் என்று ஒரு கிளப். அங்கே உஷா ஐயர் என்ற இளம்பெண் புடவை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடினார். பின்னாளில் நமக்கெல்லாம் தெரிந்த உஷா உதுப் அவர்தான்.

அதே மவுண்ட் ரோட்டிலிருந்து வடக்கே சுமார் 60 கி.மீ. போனால் பழவேற்காடு ஏரி. என் தாத்தா அங்கே ஒரு குப்பத்துக்காரர். போன லீவில் அவரிடம், "உங்க வயசுக் காலத்துல நேர்ல என்ன பாட்டு தாத்தா கேட்டீங்க?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியில்தான் இந்தக் கட்டுரை ஆரம்பித்தது.

முதலில் அவர் சொன்னது சினிமாப் பாட்டுதான். திருவிழா ஒலிபெருக்கியிலும் சிலோன் ரேடியோவிலும் கேட்டது. 1964ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் 'காதலிக்க நேரமில்லை' வந்தது, ட்விஸ்ட் தாளத்தோடு. அதே வருஷம் எம்.ஜி.ஆர். மீனவராக நடித்த 'படகோட்டி'யும் வந்தது. இரண்டுக்குமே இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி! ஆக, மேற்கத்திய தாளமும் மீனவர் பாட்டும் ஒரே இசை ஜோடியிடமிருந்து ஒரே ஒலிபெருக்கி வழியாகக் குப்பத்துக்குள் வந்தன. ஆனால் இது நேரில் கேட்ட இசை ஆகாதே? "அதெல்லாம் பொட்டியில வந்தது, நேர்ல வேணும்" என்று விடாமல் கேட்டேன்.

தாத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வலை இழுக்கும்போது பாடுவோமே, அது கணக்கில் வருமா என்றார்.

தமிழ்க் கடற்கரையில் இதற்கு அம்பாப் பாட்டு என்று பெயர். ஒருவர் முதலடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் 'ஏலேலோ', 'ஐலசா' என்று பதில் கொடுத்தபடியே கயிற்றை இழுப்பார்கள். எல்லோருடைய பலமும் ஒரே நொடியில் கயிற்றில் விழவேண்டும், அதற்குத்தான் தாளம். துடுப்பு போடவும் அப்படியே.

இங்கேதான் எனக்கு சோல் இசை ஞாபகம் வந்தது. அதற்கும் உயிர் இந்தக் கேள்வி-பதில் முறைதான். அடிமைகளாக வேலை செய்த கறுப்பின மக்களின் வேலைப் பாட்டிலும், பிறகு அவர்களுடைய தேவாலயப் பாட்டிலும் வளர்ந்தது அது. அரேதா ஃபிராங்க்ளின் தன் அப்பா போதகராக இருந்த டெட்ராய்ட் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். ஜேம்ஸ் பிரவுன் 1962 அக்டோபர் 24ல் நியூயார்க் அப்பல்லோ தியேட்டரில் பாடியதை அப்படியே பதிவு செய்து, 1963ல் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அதைக் கேட்டுப் பாருங்கள். கூட்டத்தின் சத்தம் பாட்டுக்கு இடைஞ்சல் இல்லை. அதுவும் பாட்டில் பாதி.

இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் போஃபோர்ட் என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே மென்ஹேடன் என்ற மீனைப் பிடித்த கறுப்பின மீனவர்கள் நம்மவர்கள் மாதிரியே, ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பதில் பாட, வலையைக் கையால் தூக்கினார்கள். 1950களில் வலை தூக்க இயந்திரம் வந்தது. பாட்டு நின்றது. ஆனால் 1988ல், ஓய்வு பெற்ற அந்த மீனவர்களை மறுபடி ஒன்றுகூட்டிப் பாட வைத்தார்கள். அவர்கள் நியூயார்க் கார்னகி ஹால் மேடை வரை போனார்கள்.

நம்ம பக்கம் என்ன ஆனது? அறுபதுகளில் நைலான் வலை வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவை 1969ல் ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபர் 9ல் முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியது. (ராக் வரவில்லை, ராக்கெட் வந்துவிட்டது!) பிறகு படகுக்கு மோட்டார் வந்தது. துடுப்புக்குத் தாளம் வேண்டும், மோட்டாருக்கு வேண்டாமே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. துடுப்பு போட்டுத் தோள் காய்த்தவர்களுக்குத்தான் மோட்டாரின் அருமை தெரியும். தாத்தாவே அப்படித்தான் சொன்னார்.

சரி, பாடிக் காட்டுங்கள் என்றேன். போனில் ரெக்கார்டரைப் போட்டேன். இரண்டு அடி பாடினார், நின்றுவிட்டார். மறந்துவிட்டதா என்றால், இல்லையாம். எதிரே பதில் சொல்ல ஆள் இல்லாமல் அடுத்த அடி வாயில் வராதாம். பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு வந்தேன். அவர் 'ஏலேலோ' என்றதும் தாத்தாவுக்கு மூன்றாவது அடி வந்தது, நாலாவதும் வந்தது. மொத்தம் நாலு நிமிஷம் பதிவானது.

அறுபதுகளில் கிளப்புக்குப் போனவர்கள் தங்கள் நினைவுகளை எழுதிவைத்தார்கள், நாம் படிக்கிறோம். வலை இழுத்தவர்களின் நினைவு இந்த மாதிரி ரெண்டு மூணு கிழவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால்தான் வெளியே வருகிறது. தனித்தனியாகக் கேட்டால் வராது. ஒருவர் போய்விட்டால் மற்றவருக்கும் பாட்டு போய்விடும்.

உங்கள் வீட்டிலோ ஊரிலோ நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு, அம்பா என்று எது தெரிந்தவர்கள் இருந்தாலும், இந்த லீவில் ரெண்டு பேராக உட்கார வைத்துப் பதிவு செய்யுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் நீங்களே 'ஏலேலோ' சொல்லுங்கள். அதற்கு சுருதி ஞானம் எல்லாம் தேவையில்லை, நானே சொன்னேன்!