அழியாத பேரேடு

வெங்காயச் சருகுபோல் இரகசியக் குறியீடுகளை அடுக்கிச் செய்தி அனுப்புவோரின் இருப்பிடத்தை மறைக்கும் முறையை 1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தார் வகுத்தனர். அதிலிருந்து பிறந்த ‘டோர்’ வலையில், 2011-இல் ‘சில்க் ரோடு’ என்னும் போதைப்பொருள் சந்தை முளைத்தது. விலை பிட்காயினில். அதில் பெயர் இராது. ஆனால் ஒவ்வொரு கைமாற்றமும் எவரும் பார்க்கக்கூடிய பேரேட்டில் பதிவாகிவிடும். திருடனுக்கு இதைவிடப் பொருந்தாத பணம் உண்டோ?

2013 அக்டோபரில், சந்தையை நடத்திய ராஸ் உல்பிரிக்ட் சான்பிரான்சிஸ்கோ நூலகமொன்றில் பிடிபட்டார். வேடிக்கை என்னவென்றால், துப்புத்துலக்க வந்த அதிகாரிகளுள் இருவரே பிட்காயின்களைக் களவாடியிருந்தனர்! பேரேட்டைப் பின்தொடர்ந்தபோது அவர்களும் அகப்பட்டனர். 2015-இல் இருவருக்கும் சிறை; உல்பிரிக்டுக்கு ஆயுள் தண்டனை. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.