கையொப்பமில்லாக் கடிதங்கள் யாருடையவை?

பாரிஸ் மாநகரிலுள்ள பிரான்சு தேசிய நூலகத்தில் 16-ஆம் நூற்றாண்டின் கையெழுத்துக் கட்டுகள் ஏராளம். அவற்றுள் சில தாள்கள் நெடுங்காலம் எவராலும் படிக்கப்படாமல் கிடந்தன. தாள் முழுவதும் சிறுசிறு குறிகள்: வளைவுகள், கொக்கிகள், பக்கத்தில் புள்ளி வைத்த கோடுகள். எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எந்த ஊர், எந்த நாள் என்பதற்கு ஒரு தடயமும் மேலோட்டமாகப் பார்த்தால் கிடைக்காது. அவை 16-ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தவை, இத்தாலிய அரசியல் பற்றியவை என்று நூலகப் பட்டியல் சொன்னது.

2023 பிப்ரவரியில் 'கிரிப்டோலோஜியா' என்னும் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை இந்தப் பதிவைத் திருத்தியது. மொத்தம் 57 கடிதங்கள். மிகப் பெரும்பாலானவை ஸ்காட்லாந்து அரசி மேரி ஸ்டூவர்ட் இங்கிலாந்தில் காவலில் இருந்தபோது, லண்டனில் பிரெஞ்சுத் தூதராயிருந்த மிஷேல் த காஸ்தெல்னோவுக்கு 1578 முதல் 1584 வரை எழுதியவை. மேரியின் கடிதங்களை ரஷ்யப் பிரபு லபனாஃப் 1844-இல் ஏழு தொகுதிகளாகப் பதிப்பித்தார். அன்றிலிருந்து எத்தனையோ அறிஞர்கள் அவருடைய எழுத்துகளைத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் இந்த 57-இல் ஏறத்தாழ 50 கடிதங்களின் வாசகம் எவருக்கும் தெரியாமலே இருந்தது. மேரியின் வரலாற்றை எழுதிய ஜான் கை, நூறாண்டுகளில் மேரியைப் பற்றிக் கிடைத்த மிக முக்கியமான கண்டுபிடிப்பு என்று இதைப் போற்றினார்.

சங்கேதத்தை உடைத்த திறமையைப் பலரும் பாராட்டிவிட்டார்கள். கடிதங்களின் சொந்தக்காரரை அடையாளம் கண்ட முறையே இன்னும் உயர்ந்தது என்பது என் துணிபு. ஆவண ஆய்வில் இறங்கும் இளைஞர்கள் பாடமாகப் படிக்க வேண்டியது அதைத்தான்.

இதைச் செய்த மூவரில் ஜார்ஜ் லாஸ்ரி கணினி அறிஞர். நார்பெர்ட் பியர்மான் பியானோ கலைஞர், இசைப் பேராசிரியர். சடோஷி டொமோகியோ இயற்பியல் பயின்றவர், காப்புரிமைத் துறை வல்லுநர். மேரியின் காலத்தை ஆராய்வது இவர்களில் எவருக்கும் தொழிலன்று. பழைய சங்கேத எழுத்துகளின் மீதிருந்த ஈடுபாடே மூவரையும் ஒன்றுசேர்த்தது.

ஓர் எழுத்துக்கு ஒரு குறி என்று மட்டும் அமைத்திருந்தால் உடைப்பது எளிது. எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும். அவற்றுக்குரிய குறிகளும் அடிக்கடி வந்து காட்டிக்கொடுத்துவிடும். மேரியின் செயலகத்தார் இதை நன்கு அறிந்திருந்தார்கள். ஆகவே அடிக்கடி வரும் எழுத்துக்குப் பல குறிகளை வைத்து, மாற்றி மாற்றி எழுதினார்கள். ஆட்பெயர், நாட்டுப்பெயர், மாதப்பெயர், எங்கும் வரும் சிறு சொற்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் வேறு. ஒரே வடிவம் புள்ளியோடு வந்தால் ஒரு பொருள், புள்ளியின்றி வந்தால் வேறு பொருள். நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட தாளில் அது எழுதியவர் வைத்த புள்ளியா, மை தெறித்த கறையா என்று பிரித்தறிய வேண்டும். இப்படி ஏறத்தாழ 1,50,000 குறிகளைக் கணினிக்குள் ஏற்றினார்கள். கணினி ஒரு திறவு அட்டவணையைக் குத்துமதிப்பாக எடுத்துக்கொண்டு, அதன்படி பெயர்த்த உரை உண்மை மொழியைப் போல் இருக்கிறதா என்று மதிப்பிடும். அட்டவணையில் ஒரு சிறு மாற்றம் செய்யும். மதிப்பு கூடினால் பெரும்பாலும் அதையே வைத்துக்கொண்டு மேலே போகும். இது இலட்சக்கணக்கான முறை நடக்கும். ஆனால் எந்த மொழியைப் போல் இருக்க வேண்டும் என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

பட்டியலை நம்பி முதலில் இத்தாலிய மொழியை வைத்துப் பார்த்தார்கள். எதுவும் தேறவில்லை. பிரெஞ்சுக்கு மாற்றியதும் சொற்கள் துண்டு துண்டாகத் தலைகாட்டின. பட்டியலில் இருந்த ஒரு பிழையான வரி எத்தனை தலைமுறை ஆய்வாளரை இந்தக் கட்டின் பக்கமே வராமல் தடுத்திருக்கும் என்று எண்ணும்போது எனக்கு மனம் வலிக்கிறது. மேரியைத் தேடியவர் எவரும் இத்தாலிய விவகாரக் கட்டுக்குள் கை வைத்திருக்க மாட்டார்.

இனிதான் எழுதியவரைத் தேடும் வேலை. முதல் சான்று இலக்கணம். தமிழில் 'நான் வருந்தினேன்' என்பவர் ஆணா பெண்ணா என்று அந்த வினை காட்டாது. பிரெஞ்சில் தன்மையிலும் சில எச்சங்களும் அடைமொழிகளும் பால் காட்டும். இக்கடிதங்களில் எழுதுபவர் தம்மைக் குறிக்கும் வடிவங்கள் பெண்பாலாக இருந்தன. அடுத்துப் பொருள். எழுதுபவர் காவலில் இருக்கிறார். தம் விடுதலையைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறார். 'என் மகன்' என்று மீண்டும் மீண்டும் சொல்கிறார். பட்டியல் சொன்ன காலத்திலும் இத்தாலியப் போர்களில் சிறைப்பட்ட ஒரு பெருந்தலைவர் உண்டு: 1525-இல் பாவியா போர்க்களத்தில் பிடிபட்ட பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சுவா. அவர் ஆண். ஒரே ஓர் இலக்கண ஈறு அவரை நீக்கிவிடுகிறது.

அதன்பின் வந்தது ஒரு பெயர்: வால்சிங்கம். பிரான்சிஸ் வால்சிங்கம் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் செயலரானது 1573-இல். ஒற்றர் வலையை விரித்து ஆண்டவர் அவர். அவர் பெயர் வரும் கடிதம் நூற்றாண்டின் முற்பாதியதாக இருக்க முடியாது. வால்சிங்கத்தைக் கண்டு அஞ்சிய, பிரெஞ்சில் எழுதுகிற, மகனைப் பிரிந்த, சிறைப்பட்ட பெண் யார்? மேரி ஐந்து வயதில் பிரான்சுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே வளர்ந்தவர். 1559-இல் பிரான்சின் அரசியானவர். பிரெஞ்சே அவருடைய அன்றாட மொழி. ஸ்காட்லாந்தில் அரியணை இழந்து 1568-இல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவரை எலிசபெத் காவலில் வைத்தார். ஷ்ரூஸ்பரி பிரபுவின் பொறுப்பில் பெரும்பாலும் ஷெஃபீல்டில் ஆண்டுகள் கழிந்தன. மகன் ஜேம்ஸை அவர் கடைசியாகப் பார்த்தது 1567-இல், குழந்தைக்கு ஒரு வயது நிரம்பும் முன்.

கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். இங்கே அது உதவாது. அரசி சொல்ல, செயலர் எழுத, பிறகு சங்கேதமாக மாற்றுவது என்ற நடைமுறை மேரி மீது 1586-ஆம் ஆண்டு நடந்த விசாரணையில் தெளிவாக வெளிப்பட்டது. தாளில் நாம் காண்பது செயலரின் கை. பேச்சு மட்டுமே அரசியுடையது. ஆகவே உள்ளிருக்கும் மொழியையும் செய்தியையும் கொண்டே முடிவு கட்ட வேண்டும்.

இந்த அளவோடு நிறுத்தியிருந்தாலும் முடிவு ஏற்கத்தக்கதே. மூவரும் நிறுத்தவில்லை, வெளிச்சான்று தேடினார்கள். 1583-இன் நடுப்பகுதியிலிருந்து காஸ்தெல்னோவின் தூதரகத்துக்குள்ளேயே வால்சிங்கத்துக்கு ஓர் ஆள் இருந்தார். அவர் வழியாக மேரியின் கடிதப் படிகள் வால்சிங்கத்தின் கைக்குப் போயின. அந்தப் படிகள் இன்றும் பிரிட்டிஷ் ஆவணத் தொகுப்புகளில் உள்ளன. பாரிஸில் சங்கேதமாகக் கிடந்த கடிதங்களில் ஏழுக்கு, அங்கே சாதாரண எழுத்தில் நேர்ப்படி கிடைத்தது. இரண்டையும் அருகருகே வைத்தபோது ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. திறவு அட்டவணை சரி என்பதும், எழுதியவர் மேரி என்பதும் ஒரே சான்றால் உறுதிப்பட்டன.

காவலில் இருந்த மேரி அனுமதியோடு அனுப்பும் கடிதங்களை அதிகாரிகள் படித்துவிடுவார்கள். அதனால் தூதரோடு மறைவான ஒரு வழியை நம்பகமான ஆட்களைக் கொண்டு நடத்தினார். அவ்வழியே போன கடிதங்கள் என்பதால் இவற்றில் பூசிமெழுகல் குறைவு. எலிசபெத்தோடு நடந்த விடுதலைப் பேச்சு நேர்மையாக நடக்கவில்லை என்று குமுறுகிறார். எலிசபெத்துக்கு நெருக்கமான லெஸ்டர் பிரபு மீது வெறுப்பைக் கொட்டுகிறார். வால்சிங்கம் நட்புக் காட்டினாலும் நம்ப வேண்டாம் என்று தூதரை எச்சரிக்கிறார். எலிசபெத்துக்கும் பிரான்சின் ஆன்ஷூ கோமகனுக்கும் இடையே நடந்த திருமணப் பேச்சைப் பின்தொடர்கிறார். எலிசபெத்தின் அதிகாரிகளுக்குக் கையூட்டுக் கொடுத்து வசப்படுத்த வழி தேடுகிறார். உடல் நலிவைப் பற்றிய முறையீடு அடிக்கடி வருகிறது.

1582 ஆகஸ்டில் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் சிலர் பதினாறு வயது ஜேம்ஸைக் கைப்பற்றித் தங்கள் பிடியில் வைத்தார்கள். செய்தி எட்டியதும் மேரி அடைந்த துயரமும், பிரான்சு தம்மையும் தம் மகனையும் கைவிட்டதே என்ற ஆற்றாமையும் இக்கடிதங்களில் பதிவாகியிருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை இந்தத் தொகுப்பின் உயிர்ப்பகுதி இதுதான். கத்தோலிக்கத் தியாகி என்றும் சூழ்ச்சிக்காரி என்றும் இரு தரப்பார் எழுதிவைத்த உருவங்களுக்கு நடுவே, அரசியலை நுட்பமாக அறிந்த ஒரு தாய் இங்கே தம் குரலில் பேசுகிறார்.

பின்னாளில் மேரி சார்ட்லி மாளிகையில் காவலில் இருந்தபோது பீர்ப் பீப்பாய்க்குள் கடிதம் போய்வந்த வழி வால்சிங்கமே ஏற்பாடு செய்தது. அவருடைய ஆள் தாமஸ் ஃபெலிப்ஸ் அந்தக் கடிதங்களை உடனுக்குடன் உடைத்துப் படித்தார். எலிசபெத்தைக் கொல்லத் தீட்டிய பாபிங்டன் சதி பற்றிய வழக்கு அவ்வாறே எழுந்தது. 1587 பிப்ரவரி 8-ஆம் நாள் ஃபாதரிங்கேயில் மேரிக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

காஸ்தெல்னோவோடு நடந்த மறைவுக் கடிதப் போக்குவரத்து முழுவதும் இன்னும் கிடைத்துவிடவில்லை. இடையிடையே விடுபட்ட கடிதங்கள் உண்டு. அவை வேறு பெயரில், வேறு தலைப்பில், ஏதோ ஒரு கட்டுக்குள் இருக்கலாம். பிரான்சு தேசிய நூலகம் தன் கையெழுத்துத் தாள்கள் பலவற்றைக் 'கல்லிகா' தளத்தில் எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறது. பிரெஞ்சு கற்ற தமிழ் மாணவர்கள் நம்மிடையே சென்னையிலும் புதுச்சேரியிலும் குறைவில்லை. அவர்களில் ஆவண ஆய்வில் நாட்டமுள்ளோர் அந்தத் தளத்திற்குச் சென்று, படிக்கப்படாத தாள்களைப் பட்டியலின் குறிப்போடு ஒட்டிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.