கறுவாவும் மருந்தும்: ஊவாவிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் வரலாற்றைத் திசைதிருப்பிய மரப்பட்டை கறுவாவாகும். 1505இல் இத்தீவை அடைந்த போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை அகற்றிய ஒல்லாந்தரும், 1796இல் கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் அதன் வாணிகத்தைத் தம் தனியுரிமையாக்க முனைந்தனர். ஆங்கிலேய அரசின் தனியுரிமை 1833இல் நீங்கியது. அன்று ஐரோப்பியரின் உணவுக்கு மணமூட்டிய அப்பட்டை, இன்று நீரிழிவைத் தணிக்கும் குளிசை என விற்கப்படுகின்றது. இம்மாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கறுவா தென்மேற்குத் தாழ்நிலத்துப் பயிர். பதுளை, பசறை, அப்புத்தளை மலைச்சரிவுகளில் முதலில் கோப்பியும், 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் அது அழிந்தபின் தேயிலையும் வேரூன்றின. தமிழகத்திலிருந்து அங்கு வந்த தொழிலாளர் கறுவாவை அம்மியில் அரைக்கும் கறிச்சரக்குகளுள் ஒன்றாகவே அறிந்திருந்தனர். சோறும் கோதுமைமா ரொட்டியும் சீனியிட்ட தேநீரும் அவர்தம் வழித்தோன்றல்களின் அன்றாட உணவாயின. இத்தகைய உணவுடையோரை நீரிழிவு பற்றும்போது, ‘கறுவாத்தூள் போதும், மருந்து வேண்டா’ என்னும் அறிவுரை எளிதிற் செவியேறும். அதன் உண்மையை அறிதல் ஆகவே இன்றியமையாதது.

இந்நம்பிக்கைக்கு வலுவூட்டியது 2003இல் வெளிவந்த பாகிஸ்தான் ஆய்வொன்றாகும். நீரிழிவுடைய 60 பேருள் ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 1, 3, 6 கிராம் என்னும் அளவுகளில் 40 நாள்கள் பட்டைத்தூள் கொடுக்கப்பட்டது. அவர்தம் இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் குறைந்தன எனக் கூறப்பட்டது. பின்னர் பல ஆய்வுகள் நிகழ்ந்தன. அவற்றுள் பத்தினை, 577 பேரை உள்ளடக்கியவற்றை, 2012இல் கொக்ரேன் அமைப்பு ஒருங்கே மதிப்பிட்டது. கறுவாவை நீரிழிவுக்குப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்பதே அதன் முடிவு.

ஈண்டு மற்றொன்றையும் கருதவேண்டும். பாகிஸ்தான் ஆய்வில் பயன்பட்டது இலங்கைக் கறுவாவன்று. சீனத்தைத் தாயகமாகக் கொண்ட கசியாப் பட்டையே. உலகச் சந்தையில் இரண்டும் ஒரே பெயரில் விலைபோகின்றன. கசியாவில் கூமரின் என்னும் பொருள் மிகுதி. அதனை நாடோறும் மிகையாக உண்டால் சிலருக்கு ஈரல் கெடும். இலங்கைக் கறுவாவில் அது மிகச் சிறிதே. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் ‘இலங்கைக் கறுவா’ என்னும் பெயருக்குப் புவிசார் குறியீட்டுக் காப்பளித்தது. எனினும், பட்டையின் தூய்மையைக் காக்கும் பெயர் அதன் மருத்துவப் பயனுக்குச் சான்றாகாது.

தாவரம் மருந்தாகாது என்பது இதன் பொருளன்று. ஐரோப்பாவின் கலேகா என்னும் செடியின் ஆய்வு வழிவந்த சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்ததே மெற்போமின். 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ஷான் ஸ்டெர்ன் அதன் பயனை வெளியிட்டார். அளவு, பயன், தீங்கு ஆகியவை பல்லாண்டு அளந்தறியப்பட்ட பின்னரே அது நம்பிக்கைக்குரிய மருந்தாயிற்று. கறுவா அந்நிலையை இன்னும் எய்தவில்லை.

தோட்டத் தொழிலாளி நாட்கூலியிற் சிறுபகுதியைக் குளிசைக்குச் செலவிட்டு, அரச மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மருந்தைக் கைவிடுவாராயின் இழப்பு இருமடங்காகும். பணம் போவதோடு, கவனியாத சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் கெடுக்கும். கறுவாவைக் கறியில் இடுவோம். மருந்தை மருத்துவர் சொற்படி உண்போம். ஐந்நூறாண்டுகளாகக் கறுவாவின் விலையை வணிகரே உரைத்தனர். அதன் மருத்துவ மதிப்பையேனும் ஆய்வு உரைக்கட்டும். தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர், இவ்வுண்மையைத் தம் லயங்களுக்கு எடுத்துச்செல்லுதல் கடனாகும்.