பழைய குழலுக்குப் புதிய கதவு

மலையோரச் சிற்றூர்களில் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்னும் பெயரைக் கேட்டிராதார் இலர். குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, குண்டையும் துணியையும் கோலால் இடித்து இறுக்கி, கேப்பு வைத்துச் சுடும் கருவி அது. 1860 வரையில் பெரும் பேரரசுகளின் படைகளும் ஏறக்குறைய இம்முறையிலேயே போர் செய்தன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ‘துப்பாக்கி’ என்னும் சொல்லே துருக்கியின் வழிவந்து தமிழாகிவிட்டது. வந்த சொல்லும் கருவியும் நம்மோடு ஒன்றிவிட்டன.

ஆங்கிலேயர் 1853இல் ஏற்றுக்கொண்ட என்ஃபீல்டு துப்பாக்கியும் வாய்வழி மருந்திடுவதே. ஆயினும் அதன் குழலின் உட்புறத்தில் திருகுசுழியாகப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன; அதனால் குண்டு சுழன்று, நெடுந்தொலைவு குறிதவறாது சென்றது. இத்துப்பாக்கிக்குரிய, கொழுப்புத் தடவிய தாள்தோட்டாவே 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குத் தீப்பொறி ஆயிற்று என்பதை வரலாறு படித்தோர் அறிவர். அதன் பின் நடந்ததையோ பலர் அறியார். கிளர்ச்சி அடங்கியதும், இந்தியச் சிப்பாய்களுக்கெனத் தனித் துப்பாக்கி செய்யப்பட்டது. புறத்தோற்றத்தில் அதுவும் என்ஃபீல்டே. உள்ளே பள்ளங்கள் இல்லை. வெள்ளைச் சிப்பாயின் குழல் 0.577 அங்குல விட்டமுடையது, இந்தியனுடையது 0.656 அங்குல விட்டமுள்ள வெறும் வழுவழுப்பான குழல். குறிபார்த்து அடிக்கும் வல்லமை ஒரு சாராரிடமே இருத்தல் வேண்டும் என்பது அரசின் கருத்து. சென்னைப் படை பெரும்பாலும் கிளர்ச்சியில் சேராதிருந்தும், ஐயம் மட்டும் எல்லார் மீதும் விழுந்தது.

இதற்கிடையே 1864இல் டென்மார்க்குப் போரில் பிரஷ்யர் பின்வழியாகத் தோட்டா இட்டுச் சுட்டதைக் கண்டு ஐரோப்பா விழித்துக்கொண்டது. இலண்டனுக்கு ஓர் இக்கட்டு: இலட்சக்கணக்கான என்ஃபீல்டுகள் கையிருப்பில் உள்ளன, அவற்றை எறிவதா? பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜேக்கப் ஸ்நைடர் என்பார் விடை தந்தார். குழலின் பின்புறத்தில் ஏறத்தாழ இரண்டரை அங்குலத்தை வெட்டி எடுத்துவிட்டு, அவ்விடத்தில் வலப்புறம் கீல் வைத்த இரும்புக் கதவொன்றைப் பொருத்தினார். கதவைத் திறந்து, தோட்டாவை உள்ளே தள்ளி, மூட வேண்டியதுதான். பழைய சுத்தியல், கதவினூடே சாய்வாக அமைந்த ஓர் ஊசியை அடிக்கும். ஊசி தோட்டாவின் அடியிலுள்ள கேப்பை வெடிக்கச் செய்யும். சுட்டபின் கதவைப் பின்னுக்கு இழுத்து, துப்பாக்கியை ஒருமுறை கவிழ்த்தால் வெற்றுக்கூடு தரையில் விழும். மரக்கட்டை, குழல், விசை யாவும் பழையனவே. வாய்வழி இட்டு நிமிடத்திற்கு மூன்று குண்டு சுட்டவன் இப்போது பத்துக் குண்டு சுட்டான். மருந்திட எழுந்து நிற்க வேண்டியதும் இல்லை. நம் இல்லத்தார் பழைய புடவையைத் தைத்துப் பாவாடை ஆக்கும் சிக்கனத்தை நினைவூட்டுகிறது இது!

1866இல் இம்முறை ஏற்கப்பட்டது. பாவம் ஸ்நைடர்! உரிய பணம் கைக்கு வருமுன், அதே ஆண்டு அக்டோபரில் வறுமையில் இறந்தார்.

இக்கருவி போரில் முதன்முதல் முழங்கியது அபிசீனியாவில். 1868 ஏப்ரல் 10ஆம் நாள் ஆரோகி என்னும் இடத்தில், ஈட்டியும் பழந்துப்பாக்கியும் ஏந்தி இறங்கிவந்த தியோடர் மன்னனின் வீரர்களில் எழுநூறு பேர் அளவில் மாண்டனர். ஆங்கிலேயர் பக்கம் காயமுற்றோர் இருபதின்மர் அளவே. அதே களத்தில் நின்ற பஞ்சாப் முன்னோடிப் படையின் கையிலோ வாய்வழித் துப்பாக்கிதான். சென்னைச் சுரங்கப் படையினரும் அப்படையெடுப்பில் மலைப்பாதை சமைக்கச் சென்றிருந்தனர். உடன் பணியாற்றிய இளம் பொறியாளர் ஒருவர் பெயர் நமக்கு அந்நியமன்று: ஜான் பென்னிகுயிக். 1887இல் தொடங்கி 1895இல் இவ்விடுக்கி மலைகளில் முல்லைப் பெரியாற்று அணையை எழுப்பி, மதுரைச் சீமைக்கு நீர் தந்தவர் அவரே.

இந்தியச் சிப்பாய்க்கு ஸ்நைடர் எப்போது வந்தது? 1871இல் வெள்ளையர் படை மார்ட்டினி-ஹென்றி என்னும் புதிய துப்பாக்கியைத் தேர்ந்துகொண்ட பிறகே அது அவனுக்குப் பரவலாகக் கிடைத்தது. 1880 ஜூலை 27ஆம் நாள் ஆப்கானிஸ்தானத்தின் மைவந்துப் போரில் ஒரே அணியில் நின்றோரில் ஆங்கிலேயர் மார்ட்டினியும் பம்பாய்ப் படையினர் ஸ்நைடரும் ஏந்தியிருந்தனர். தோல்வி இருவருக்கும் பொதுவாகவே வந்தது. பின்னர் மார்ட்டினி இந்தியன் கைக்கு வந்துகொண்டிருந்த 1888ஆம் ஆண்டில், வெள்ளைச் சிப்பாய்க்கென எட்டுத் தோட்டாக்களை ஒருசேர அடைக்கும் லீ-மெட்ஃபோர்டு தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது.