வியூஃபைண்டர் சொன்ன பொய்

அம்மாவின் 70வது பிறந்தநாள் அன்று, அப்பா வைத்திருந்த பழைய 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸை என் டிஜிட்டல் எஸ்எல்ஆரில் மாட்டி 40 படம் எடுத்தேன். ஆட்டோஃபோகஸ் இல்லாத லென்ஸ். கையால்தான் வளையத்தைத் திருப்பணும். வியூஃபைண்டரில் எல்லாமே பளிச்சுன்னு இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் கண் தெளிவாக விழுந்தது மூணே மூணு படத்தில். மற்றதில் காது தெளிவு, கம்மல் தெளிவு, ஒன்றில் மூக்குத்தி மட்டும் தெளிவு.

"நாற்பது தாண்டியாச்சுல்ல, போய்க் கண்ணை டெஸ்ட் பண்ணுங்க" என்றாள் மனைவி. பண்ணினேன். கண்ணாடி பவர் சரியாகத்தான் இருந்தது. அப்போ பக் வேறெங்கோ இருக்கு.

எஸ்எல்ஆரில் லென்ஸ் வழியே வரும் ஒளி, சாய்ந்த கண்ணாடியில் பட்டு மேலே போய், தபால்தலை அளவுள்ள ஒரு திரையில் விழுகிறது. நாம் பார்ப்பது அந்தத் திரையைத்தான். அதுதான் ஃபோகஸிங் ஸ்க்ரீன். லென்ஸிலிருந்து ஃபிலிம் (இப்போது சென்சார்) இருக்கும் அதே தூரத்தில் திரையும் இருக்கணும். இங்கே தெளிந்தது அங்கேயும் தெளியும் என்கிற ஒரே நம்பிக்கையில்தான் இந்தக் கேமரா வகையே ஓடியது.

வெறும் தேய்த்த கண்ணாடியில் ஃபோகஸ் பார்ப்பது கஷ்டம். மங்கல் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைவதால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. 1940களில் லூசியன் தொதான் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். திரையின் நடுவே இரண்டு சிறு பட்டகத் துண்டுகளை எதிரெதிர்ச் சாய்வில் பதித்தார். ஃபோகஸ் தப்பினால் ஜன்னல் கம்பி நடுவில் உடைந்து விலகின மாதிரி தெரியும், சேர்ந்தால் சரி. மங்கலா தெளிவா என்று கண்ணால் எடை போட வேண்டாம், கோடு சேர்ந்ததா என்று பார்த்தால் போதும். அதில் நம் கண் கில்லாடி. வெர்னியர் அளவுகோல் பிழைப்பதே இதனால்தான்.

1959ல் வந்த நிகான் எஃப்பில் மேலேயுள்ள ப்ரிஸத்தைக் கழற்றித் திரையை மாற்றிக்கொள்ளலாம். கட்டடம் எடுப்பவருக்குக் கட்டம் போட்டது, மைக்ரோஸ்கோப்பில் மாட்டுபவருக்குத் தனி ரகம் என்று வேலைக்கேற்ற திரைகள் கிடைத்தன.

1985ல் மினோல்டா 7000 வந்தது. ஃபோகஸ் பார்க்கும் வேலை, கண்ணாடிக்குக் கீழேயுள்ள ஒரு சிப்புக்குப் போனது. லென்ஸின் இரண்டு ஓரங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டு, எவ்வளவு விலகியிருக்கு என்று அது கணக்கிடும். யோசித்தால் தொதான் செய்த அதே தந்திரம். கண்ணுக்குப் பதில் சிப், அவ்வளவுதான். (இதற்காக ஹனிவெல் நிறுவனம் வழக்குப் போட்டு, 1992ல் மினோல்டா 127.5 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசமானது தனிக்கதை.)

வேலை போன திரைக்குப் புது வேலை, வெளிச்சமாக இருப்பது. எஃப்/5.6 ஜூம் லென்ஸ்கள் பெருகின காலம். அவற்றில் பட்டகத்தின் ஒரு பாதி கறுத்துவிடும். எனவே பட்டகம் போச்சு. ஒளியைக் குறைவாகச் சிதறடிக்கும் பிரகாசமான திரைகள் வந்தன. சிதறல் குறைந்தால் பெரிய லென்ஸின் ஓரத்து ஒளி கண்ணுக்கு வராது. நீங்களே சோதிக்கலாம்: ப்ரிவ்யூ பட்டனை அழுத்திக்கொண்டு 1.4லிருந்து 2.8க்கு மாற்றுங்கள். ஒளி கால்பங்காகியிருக்கும், ஆனால் வியூஃபைண்டர் அநேகமாக இருளவே இருளாது.

என் பக் இதுதான். 1 மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. எஃப்/1.4ல், முழு ஃப்ரேம் கேமராவில், தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ. திரை எனக்குக் காட்டியதோ 2.8க்குரிய 6, 7 செ.மீ. கண்ணும் தெளிவு, காதுப்பக்கமும் தெளிவு என்று பொய் சொல்லியிருக்கு.

கேனான் 5டி (2005) போன்றவற்றுக்கு நிறுவனமே நுண்ணிய மேட் திரை விற்றது. மாற்றினால் மெனுவிலும் சொல்லணும்; ஒளிமானி திரை வழியேதான் பார்க்கிறது, சொல்லாவிட்டால் எக்ஸ்போஷர் தப்பும்.

நான் வாங்கியது பட்டகத் திரை. இடுக்கியால் க்ளிப்பைத் தள்ளி மாற்ற ஐந்து நிமிஷம். திரை ப்ளாஸ்டிக், விரல் படக்கூடாது, துணியால் துடைக்கவும் கூடாது. ஆனால் மாட்டினதும் வேலை முடியவில்லை. செய்தித்தாளைச் சாய்த்து வைத்து எடுத்ததில், ஃபோகஸ் 1 செ.மீ. பின்னால் விழுந்தது. கணக்குப் போட்டால் திரை வெறும் 0.03 மி.மீ. உயரத்தில் இருக்கு, தலைமுடியைவிட மெல்லிசு! கூடவே வந்த தகட்டு ஷிம்களில் மெல்லியதைச் சேர்த்ததும் சரியானது.

அம்மாவை மறுபடி உட்கார வைத்தேன். "இன்னுமாடா ஆகலை?" என்றார். இமையின் கோடு சேர்ந்ததும் அழுத்தினேன். 12ல் 10 தேறியது. ஜூம் லென்ஸை மாட்டினால் நடு வட்டம் பாதி கறுப்பாகத்தான் இருக்கு. அதை மாட்டுவதே இப்போ குறைஞ்சுபோச்சு.