தொழில்வழிச் சிகிச்சையில் பொருள்கோள் சிந்தனை

நோயாலோ விபத்தாலோ பிறவிக் குறைபாட்டாலோ அன்றாடச் செயல்கள் தடைபட்டவர்கள் உடுத்தல், உண்ணல், சமைத்தல், பிழைப்புக்கான வேலை முதலியவற்றை மீண்டும் செய்யவோ வேறு வகையில் செய்யவோ துணைநிற்கும் துறை தொழில்வழிச் சிகிச்சையாகும். எவருக்கு எதை, எம்முறையில், எப்போது செய்வது என்று சிகிச்சையாளர் முடிவெடுக்கும் மனச்செயல் சிகிச்சைச் சிந்தனை எனப்படும். அதனைக் காரணகாரியக் கணிப்பாக மட்டும் கருதாமல், நோயுற்றவரின் வாழ்வில் அந்நோய் பெறும் பொருளை அறியும் முயற்சியாகவும் கொள்வது பொருள்கோள் அணுகுமுறையாகும்.

இதன் வித்து துறையின் தொடக்கத்திலேயே இருந்தது. அமெரிக்காவில் 1917-இல் இத்துறைக்கெனச் சங்கம் அமைந்தபின், மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர் 1922-இல் வெளியிட்ட கட்டுரையில், மனநோய்களை வாழும் முறையில் நேர்ந்த சிக்கல்களாகக் கண்டு, வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகியவற்றின் சமநிலையை வலியுறுத்தினார். பின்வந்த சில பத்தாண்டுகளில், மருத்துவ உலகின் மதிப்பை நாடிய துறை தசைவலிமை, மூட்டசைவு போன்ற அளவிடத்தக்க கூறுகளின் பக்கம் சாய்ந்தது. நூற்றாண்டின் பிற்பகுதியில் சிந்தனைமுறை பற்றிய ஆய்வுகள் எழுந்தபோதும், மருத்துவர் தொடக்கத்திலேயே சில கருதுகோள்களை அமைத்து அவற்றைச் சோதிக்கிறார் என்று 1978-இல் எல்ஸ்டீன் குழுவினர் வரைந்த சித்திரமே முன்மாதிரியாக நின்றது. 1983-இல் எலினார் கிளார்க் ஸ்லாகில் நினைவுரை ஆற்றிய ஜோன் ரோஜர்ஸ், சிகிச்சைச் சிந்தனையில் அறிவியலோடு அறமும் கலையும் உண்டென்றும், செய்யக்கூடியவை பலவற்றுள் இந்த நோயாளிக்குச் செய்யத்தக்கது எது என்பதே இறுதி வினாவென்றும் எடுத்துரைத்தார்.

உண்மையான திருப்பம் 1986-இல் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் தொடங்கிய ஆய்வில் நிகழ்ந்தது. தொழில்வல்லுநர்கள் செயலின் நடுவிலேயே சிந்திக்கின்றனர் என்று 1983-இல் நூலெழுதிய டொனால்ட் ஷோன் இதற்கு ஆலோசகராயிருக்க, மானிடவியலாளர் செரில் மாட்டிங்லியும் தொழில்வழிச் சிகிச்சையாளர் மொரீன் ஃபிளெமிங்கும் சிகிச்சையமர்வுகளைக் காணொளியாகப் பதிவுசெய்து, அவற்றைச் சிகிச்சையாளர்களோடு அமர்ந்து பார்த்து விவாதித்தனர். நோயாளியின் அச்சம், குடும்பம், இழந்துவிட்ட வேலை ஆகியவற்றைப் பற்றிச் சிகிச்சையாளர்கள் தமக்குள் விரிவாகப் பேசினாலும், மருத்துவப் பதிவேட்டில் அவற்றுள் மிகச் சிலவே இடம்பெற்றன என்பது அங்கே புலப்பட்டது. காப்பீட்டு நிறுவனம் பணம் தருவது அளவிடத்தக்க முன்னேற்றத்துக்கே என்பதால், சிகிச்சையின் நுட்பமான பாதி எழுத்தில் ஏறாத மறைவான பணியாகவே நடந்துவந்தது. இக்கண்டுபிடிப்பே அவ்வாய்வின் பெருங்கொடை என்று கருதத்தகும்.

1991-இல் ஃபிளெமிங் சிகிச்சைச் சிந்தனையை மூன்று தடங்களாக விளக்கினார். குறைபாட்டைக் கண்டு நுட்பத்தைத் தேர்வது நடைமுறைச் சிந்தனை; நோயாளியை ஒரு மனிதராக அறிந்து அவருடைய ஒத்துழைப்பைப் பெறுவது ஊடாட்டச் சிந்தனை; அவருடைய நிலைமை முழுவதையும், அது மாறினால் அமையக்கூடிய எதிர்காலத்தையும் மனத்தில் உருவாக்கிப் பார்ப்பது நிலைமைசார் சிந்தனை. தேர்ந்த சிகிச்சையாளர் இத்தடங்களிடையே இடைவிடாது மாறிச்செல்கிறார் என்பது அவர் கருத்து.

மாட்டிங்லியின் பங்களிப்பு இன்னும் ஆழமானது. உடலை இயந்திரமாகக் காணும் பார்வையும், உலகில் வாழ்ந்து உணரும் உடலாகக் காணும் நிகழ்வியல் பார்வையும் இத்துறையில் ஒருங்கே இயங்குகின்றன என்று கூறிய அவர், உளவியலாளர் ஜெரோம் புரூனர் வகுத்த கதைவழிச் சிந்தனையையும் துணைக்கொண்டார். பக்கவாதம் கண்ட சமையற்காரர் மீண்டும் கத்தியைப் பிடிக்க முயலும்போது, அது கைப்பயிற்சி என்ற அளவில் நிற்பதில்லை. அவர் மீண்டும் யாராக ஆகக்கூடும் என்னும் கதையில் அது ஒரு நிகழ்ச்சியாகிறது. இவ்வாறு சிகிச்சையை நடக்கும்போதே கதையாகக் கோத்துச்செல்வதை அவர் சிகிச்சைக் கதைப்பின்னல் என்றார். ஃபிளெமிங்குடன் இணைந்து 1994-இலும், தனியாக 1998-இலும் அவர் வெளியிட்ட நூல்கள் இக்கருத்துகளை விரித்துரைத்தன.

இவ்வணுகுமுறைக்குத் திருத்தமும் எதிர்ப்பும் எழுந்தன. பணியாளர் பற்றாக்குறை, கருவிகள், நிறுவன விதிகள் போன்றவையும் முடிவுகளை வடிவமைக்கின்றன என்று சுட்டிய ஷெல்லும் செர்வெரோவும் 1993-இல் நடப்பியல் சிந்தனை என்ற வகையைச் சேர்த்தனர். சான்றுவழி மருத்துவம் வலுப்பெற்றபோது, கதைகளின் உண்மையை எவ்வாறு சரிபார்ப்பது என்ற கேள்வி வந்தது. சிகிச்சையாளர் பின்னும் கதையை நோயாளி ஏற்காமற்போனால் என் செய்வது என்பது அதனினும் கடினமான வினா. லாஸ் ஏஞ்சலிஸில் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களிடையே மேரி லாலருடன் மாட்டிங்லி நடத்திய நீண்ட ஆய்வு, இன வேறுபாடும் அவநம்பிக்கையும் நிறைந்த சூழலில் இரு தரப்பும் ஒரே நம்பிக்கையைப் பகிர்வது எத்துணை உழைப்பைக் கோருகிறது என்பதைக் காட்டியது.